வழியை மறித்துக் கட்டிய அறை

மகள் மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினாள். பூட்டுக்காரர் அவள் பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பதினான்கு மாதமாக அப்பாவிடம் போனில்கூட நாலு வார்த்தைக்கு மேல் பேசாத பெண். தாயில்லாப் பிள்ளை. அவருக்கும் அவளை விட்டால் வேறு நாதி கிடையாது. எப்படியாவது வீட்டோடு தங்க வைத்துவிட வேண்டும் என்றுதான் அந்தப் புது அறையையே கட்டினார்.

"உனக்குத்தாம்மா. தனி மேசை, பெரிய ஜன்னல். இங்கேயே ஒரு வேலை தேடிக்கலாம், என்ன?"

கதவைத் திறந்ததும் பெயிண்ட் வாசனை அடித்தது. மகள் உள்ளே கால் வைக்கவில்லை. பின்பக்கச் சுவரிலிருந்து தெருப்பக்கச் சுவர்வரை ஒரு பார்வை பார்த்தாள்.

"இது டிரைவர் மாமா நடந்துபோற வழிதானே?"

"கேஸ் ஜெயிச்சாச்சும்மா. நம்ம இடம்."

"ஓஹோ" என்றாள்.

விவகாரம் இதுதான். பின்வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். அவர் தெருவுக்கு வர இரண்டு வழி. ஒன்று, பூட்டுக்காரர் வீட்டுப் பக்கவாட்டுச் சந்து. இருபது அடி எடுத்து வைத்தால் தெரு. இன்னொன்று, பின்பக்கம் செங்குத்தாக இறங்கும் அறுபத்திரண்டு படி, அப்புறம் ஒரு சுற்று. சந்து பூட்டுக்காரரின் பத்திரத்தில் இருந்தது. நடந்து தேய்த்தது முப்பது வருஷமாக டிரைவரின் கால். ஒருநாள் டிரைவர் அங்கே ஸ்கூட்டரை நிறுத்தப் போக, வாய்ச்சண்டை முற்றிக் கோர்ட்டுக்குப் போனது. பூட்டுக்காரர் கேட் போட்டார். பூட்டுக்கடை வைத்திருப்பவர் பூட்டுக்கு அலைய வேண்டுமா என்ன!

அவருடைய வக்கீல் ஒரே ஒரு புத்தி சொல்லியிருந்தார். "கேஸ் முடியற வரைக்கும் ஒரு தடவைகூட விடாதீங்க. விட்டா, 'பாருங்க, அவரே வழி விட்டார்'னு எதிர்த்தரப்பு எழுதிடும்."

"இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்குவான், எனக்குத் தெரியாதா?" என்றார் இவர்.

அப்புறம்தான் அந்த நாள் வந்தது. பிற்பகல் மூணேகால். டிரைவருக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் இந்தப் பக்கம் தெருவில் நின்றது. ஆள் ஆறடி, நல்ல கனம். ஸ்ட்ரெச்சரின் நாலு மூலைக்கு மூன்று பேர்தான் இருந்தார்கள், ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேரும் டிரைவரின் மனைவியும். கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்கள். படுத்திருந்தவரே கேட்டார். "பூட்டுக்காரா... வழி விடுப்பா."

மகள் மூலை பிடிக்க ஓடினாள். பூட்டுக்காரர் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். சாவி அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. ஆனால் மனுஷன் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"படிப்பக்கமா எடுத்துட்டுப் போங்க" என்றார்.

நாற்பதாவது படியில் டிரைவரின் உயிர் போய்விட்டது. அந்த வாரமே மகள் வெளியூர் வேலைக்குக் கிளம்பினாள். டிரைவரின் மனைவி வீட்டைப் பூட்டிவிட்டுத் தங்கையோடு போய்விட்டாள். வழக்கை நடத்த ஆளில்லை. "அந்த வழியில யாரும் நடந்ததே கிடையாது" என்று சத்தியம் செய்து பூட்டுக்காரர் ஜெயித்தார். இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி, கூரையும் போட்டார்.

கூரை போட்ட நாளிலிருந்து அங்கே என்ன கேட்கிறது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆள் புழங்கினால் சரியாகிவிடும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு மழை மேகம் கவிந்து வீடே இருட்டியது.

"டீ போடறேன், இங்க வந்து உக்காரும்மா."

"தூக்கம் வருதுப்பா" என்று மகள் புது அறைக்குள் போய்ப் படுத்துவிட்டாள்.

அவர் அறை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பெயிண்ட் வாசனைக்கு அடியிலிருந்து ஆஸ்பத்திரி ஸ்பிரிட் நெடி மெல்லக் கிளம்பியது. வெளியே ஒரு இலைகூட அசையவில்லை. மணி மூணேகால் ஆனது.

பின்பக்கச் சுவருக்கு அப்பால் செருப்புகள் தேய்ந்தன.

மூன்று ஜோடி.

கனம் தூக்கியவர்களின் நடை. எட்டு வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி எட்டு.

சுவர் வரைக்கும் வந்து நின்றது.

"பூட்டுக்காரா... வழி விடுப்பா."

மகள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தினமும் கேக்குதா?" என்றாள் தணிந்த குரலில்.

"எதும்மா?"

"நடிக்காதீங்கப்பா. வழி விடுங்க. இல்லைன்னா நான் இப்பவே திரும்பிப் போயிடறேன். இந்த வாசலை இனி மிதிக்க மாட்டேன்."

செத்தவனிடம்கூட விட்டுக்கொடுக்க அவருக்கு வாய் வரவில்லை. என்ன ஜென்மம் இது! ஆனால் மகள் கட்டிலை விட்டு இறங்கப் போனாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"போங்க."

சுவர் இடியவில்லை. காரைகூட உதிரவில்லை.

செருப்புச் சத்தம் அறைக்குள் வந்தது.

முழங்காலருகே ஈரக் குளிர் ஒன்று கடந்துபோனது. ஸ்ட்ரெச்சர் கம்பி முனகியது. யாரோ வலியில் பல்லைக் கடிக்கும் சத்தம் காதருகே கேட்டது. எத்தனை பேர் என்று அவர் நடையை எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று.

நாலு.

நாலாவது வெறுங்கால்.

கண்ணைத் திறந்தார். கட்டில் காலி. அவள் செருப்பு கட்டிலடியில் ஜோடியாகக் கிடந்தது. ஜன்னலில் கம்பி. இருக்கிற ஒரே வாசலில் அவரே உட்கார்ந்திருந்தார்.

"அம்மாடீ!" என்று அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

தெருப்பக்கச் சுவருக்கு வெளியே, தூறலில், தெருவோரத்தில் மகள் நின்றிருந்தாள். தலை நனைந்திருந்தது. அவர் அவளைக் கட்டிக்கொண்டார். சின்ன வயசில் காய்ச்சலில் கிடந்தபோது சுட்ட மாதிரி அவள் வலது கை சுட்டது. விரித்துப் பார்த்தார். உள்ளங்கைக்குக் குறுக்கே கம்பியைப் பிடித்துத் தூக்கிய மாதிரி ஒரு தடம், கன்றிச் சிவந்து, எலும்பு தெரியுமோ என்கிற அளவுக்குப் பதிந்திருந்தது.

"எப்படிம்மா வெளிய வந்தே? உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"ரொம்ப கனம்ப்பா" என்றாள் மூச்சு வாங்க.

"வா, உள்ள போலாம். இன்னிக்கே இந்தச் சுவத்தை இடிச்சிடறேன். நாம ரெண்டு பேரும் உன் ஊருக்கே போயிடலாம்."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். பதினான்கு மாதத்தில் முதல்முறையாக அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"இல்லப்பா, நான் எங்கயும் போகல. இனிமே இங்கதான். நாளைக்கும் வர்றேன்னு டிரைவர் மாமாகிட்ட சொல்லிட்டேன்."