முக்கால் குறியில் நின்ற குமிழ்

கண் சரியாகத் தெரியாதவர்கள் வரும் கடைக்கு ஒரு நாள் காலையில் காது கேளாத ஒருத்தி வந்தாள். கண்ணாடிக் கடைக்காரர் அப்போது ஒரு மூக்குக்கண்ணாடியின் காலுக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார். "இன்ஸ்பெக்டரம்மா இருக்காங்களா?" என்று அவள் போட்ட சத்தத்தில் திருகாணி விரலிலிருந்து துள்ளி எங்கோ போய் விழுந்தது.

கூட வந்த தங்கை அவள் தோளைத் தொட்டு, உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினாள். வந்தவளின் முகம் சுருங்கிப்போயிற்று. "கத்திட்டேனா? மன்னிச்சிடுங்க. எவ்வளவு சத்தமாப் பேசுறேன்னு எனக்கே தெரிய மாட்டேங்குது."

இன்ஸ்பெக்டரம்மா கடைக்காரருக்கு அண்ணி. காவல்துறையில் முப்பது வருடம் குப்பை கொட்டிவிட்டு, இப்போது கடையின் பின்னறையில் செய்தித்தாளும் கையுமாக உட்கார்ந்திருப்பவர். யாராவது சிக்கலோடு வந்தால் அண்ணியைவிடக் கொழுந்தனுக்குத்தான் கை பரபரக்கும். அவர் கடைக் கதவில் 'மதிய உணவு இடைவேளை' அட்டையை மாட்டினார். மணி பத்தரை.

வந்தவளுக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் பன்னிரண்டு வருட வேலை. இரைச்சலுக்கு அடியில் புதைந்து கிடக்கும் பேச்சைத் தோண்டி எடுப்பதுதான் தொழில். பாம்புச்செவி என்று அங்கே பட்டப்பெயர்.

"மூணு வாரம் முந்தி, காலையில ஒன்பதரை மணி. ஹெட்போனை மாட்டிட்டு வேலையை ஆரம்பிச்சேன். ஒரு விசில். மண்டைக்குள்ள ஆணி இறக்கின மாதிரி. கண் இருட்டிடுச்சு. முழிச்சுப் பார்த்தா ஆஸ்பத்திரி. எல்லாரும் வாயை அசைக்கிறாங்க, சத்தம் வரலை. உள்காது நரம்பு செத்துப்போச்சாம். போனது போனதுதான்னு டாக்டர் எழுதிக் காட்டிட்டார்."

தங்கை ஒரு தாளை நீட்டினாள். கூடத்தின் விசாரணை அறிக்கை. தினமும் காலையில் இயந்திரங்களைச் சரிபார்க்க ஓடவிடும் சோதனை விசில் அன்று நிறுத்தப்படாமல் இருந்தது. பணியாளர் ஒலியைக் கூட்டும் ஆம்ப்ளிஃபையரின் குமிழை முக்கால் அளவுக்குத் திருகி வைத்திருந்தார். ஆகவே இது அவருடைய கவனக்குறைவு.

"எட்டு வருஷமா அதே முக்கால்தான்!" அவள் குரல் மறுபடி ஏறியது. "நகப்பூச்சால புள்ளியே வச்சிருக்கேன். என் ஹெட்போன் ஒரு கல்லுளிமங்கன். முந்நூறு ஓம் தடை. அவ்வளவு திருகினாத்தான் வாயைத் திறக்கும். பாடகர்கள் போடுறது முப்பத்திரண்டு ஓம், தொட்டாலே அலறும். நான் அதைத் தொடவே மாட்டேன்."

இன்ஸ்பெக்டரம்மா நோட்டில் எழுதிக் காட்டினார்: அன்றைக்கு ஏதாவது வழக்கத்துக்கு மாறாக?

அவள் யோசித்தாள். "தலையில கொஞ்சம் தளர்வா உக்காந்துது. என் தலை சின்னது, பட்டையை எப்பவும் இறுக்கித்தான் வச்சிருப்பேன். யாராவது எடுத்துப் போட்டிருப்பாங்கன்னு விட்டுட்டேன்."

என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள்?

"கிடங்குத் தீ விபத்து. கோர்ட்டுல இருந்து வந்தது. உள்ளே மாட்டிக்கிட்ட ஒரு ஆள் வீட்டுக்குப் போன் பண்ணியிருக்கான். எடுக்கலை, குரல் பதிவாகியிருக்கு. நாலு நிமிஷம். கதவைத் தட்டுறாங்க, கத்துறாங்க. யாரும் உயிரோட வெளியே வரலை. ஆரம்பத்துலயே, கதவுக்கு வெளியே ஒரு குரல் யார்கிட்டயோ ஏதோ சொல்லுது." பேனாவை வாங்கி அவளே எழுதினாள்: '…ட்டிட்டு வா.' "முதல் எழுத்து மட்டும் பிடிபடலை. கூட்டிட்டு வாவா, பூட்டிட்டு வாவா? ஒரு எழுத்துதான். அதுலதான் எல்லாம் இருக்கு. நாளைக்கு முடிச்சிடுவேன்னு முந்தின நாள் முதலாளிகிட்ட எல்லார் முன்னாலயும் சொன்னேன். என்ன சொல்லுதுன்னு மட்டும் யார்கிட்டயும் மூச்சு விடலை. குறிப்பெல்லாம் வீட்டுல, பூட்டுக்குள்ள."

அவர்கள் போனதும் கடைக்காரர் பொறுக்கமாட்டாமல் கேட்டார். "அண்ணி, காலையில விசிலை ஓடவிடுறது யாரு? ரெண்டாவது எடிட்டர்னு அறிக்கையில இருக்கு. இவங்க நாற்காலியில இப்ப உக்காந்திருக்கிறது யாரு? அதே ஆள்னு தங்கச்சி சொல்லலையா? பழம் நழுவிப் பால்ல விழுந்துடுச்சே!"

"விழுந்த பழம் அழுகலான்னு முதல்ல பாப்போம், தம்பி."

கூடம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த துணி. பேசினால் வார்த்தை வாயை விட்டு இறங்கியதும் செத்து விழுந்தது. முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே எல்லா அறைகளையும் காட்டினார். பாடகர் அறையில் நான்கு கறுப்பு ஹெட்போன்கள் ஆணியில் தொங்கின. நீள ஒயர்கள் தரையில் கிடந்தன.

பாம்புச்செவியின் ஹெட்போனை முதலாளி முத்திரையிட்ட பெட்டியிலிருந்து எடுத்தார். கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாடகர் அறையில் பார்த்த அதே கூடு, அதே மெத்தை. இரட்டைப் பிள்ளைகளைப்போல இருந்தது. ஒயர் மட்டும் டெலிபோன் ஒயர்போலச் சுருண்டு குட்டையாக இருந்தது. இன்ஸ்பெக்டரம்மா அதைத் தன் காதில் வைத்து ஒரு பாட்டைக் கேட்டார். இரண்டு பக்கமும் கணீரென்று கேட்டது.

இரண்டாவது எடிட்டர் நெட்டையாக, கூன் விழுந்து நின்றார். எல்லோரும் அவரை நெட்டை என்றே கூப்பிட்டார்கள். "விசிலை நான் நிறுத்திட்டுத்தான் போனேன் மேடம். சத்தியமாச் சொல்றேன். யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

"அன்னைக்கு முதல்ல ஓடி வந்தது நீங்களா?"

"ஆமா. அலறல் கேட்டு ஓடினேன். வாசப்படியைத் தாண்டினதுமே ஒயர் கால்ல சிக்கி விழப் பாத்தேன். அக்கா நாற்காலியில சரிஞ்சு கிடந்தாங்க. ஹெட்போனைக் கழட்டினப்போ ஒரு வாடை வந்துது. முடி கருகின மாதிரி. நானும் முதலாளியும் தூக்கிக் கார்ல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்."

"இங்க யார் இருந்தது?"

"மெக்கானிக் அண்ணன் மட்டும்தான். நாங்க திரும்பி வர மத்தியானம் ஆயிடுச்சு. அப்புறம்தான் முதலாளி ஹெட்போனைப் பெட்டியில வச்சு முத்திரை போட்டார்."

மெக்கானிக் அமைதியான மனிதர். நாற்பது வயது இருக்கும். சட்டைப் பையில் மின்சோதனைத் திருப்புளி. பழுது பார்ப்பது, கோப்புகளை இயந்திரத்தில் ஏற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. "எந்திரத்து மேல தப்பில்ல மேடம். குமிழ் முக்கால்ல இருந்துது. அவ்வளவுதான்" என்றார்.

படியிறங்கும்போது கடைக்காரர், "நெட்டையோட முழி சரியில்ல அண்ணி" என்றார்.

"முழி கிடக்கட்டும். அவர் சொன்ன ரெண்டு விஷயத்தைச் சேர்த்துப் பாரு."

கடைக்காரர் இரவெல்லாம் சேர்த்துப் பார்த்தார். ஒன்றும் சேரவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு எல்லோரும் பாம்புச்செவியின் அறையில் கூடினார்கள். அவளும் தங்கையும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். தங்கை பேச்சை உடனுக்குடன் நோட்டில் எழுதிக் காட்டினாள். இன்ஸ்பெக்டரம்மா சொல்லியனுப்பியிருந்த காவல் நிலைய அதிகாரி கதவருகே கைகட்டி நின்றார்.

"தம்பி, இந்த அம்மாவோட ஹெட்போனை ஆம்ப்ளிஃபையர்ல மாட்டு. குமிழை முக்கால் புள்ளியில வை. நெட்டை, விசிலை விடுங்க."

இன்ஸ்பெக்டரம்மா ஹெட்போனின் இரண்டு கிண்ணங்களுக்கும் நடுவே ஒலி அளக்கும் கருவியை வைத்தார். விசில் கூர்மையாகக் கிளம்பியது. கருவி நூற்றுப் பதினைந்து டெசிபல் காட்டியது.

"இது வலிக்கும். கழட்டி எறியத் தோணும். ரெண்டு நாள் காது இரையும். ஆனா நரம்பு ஒரேயடியாச் சாகாது. முக்கியமா, ஹெட்போன் கருகாது. அரை நிமிஷம் ஓடியாச்சு. ஏதாவது வாடை வருதா?"

யாருக்கும் எந்த வாடையும் வரவில்லை. அதைக் கழற்றிவிட்டுப் பாடகர் அறையிலிருந்து ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். அதே குமிழ், அதே புள்ளி, அதே விசில். கருவியின் எண் எகிறிப்போய் அளவின் உச்சியில் முட்டி நின்றது. பத்தடி தள்ளி நின்ற கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் விசில் கரகரத்தது, பிளந்தது, அடங்கியது. மெல்லிய புகை.

"இதே வாடைதான்!" என்று நெட்டை கத்திவிட்டார்.

"ஒரே தண்ணித் தொட்டி, ரெண்டு குழாய்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "ஒண்ணுல ஊசித் துவாரம், இன்னொண்ணு வாய் அகலம். ஊசித் துவாரத்துக்காக முழுசாத் திறந்து வச்ச தொட்டியில அகலக் குழாயை மாட்டினா வெள்ளம்தான். காதும் தாங்காது, ஹெட்போனும் தாங்காது. அன்னைக்கு இந்த அம்மா தலையில இருந்தது பாடகரோட ஹெட்போன். அதான் பட்டை தளர்ந்திருக்கு. அதான் ஒயர் வாசப்படி வரைக்கும் கிடந்து நெட்டை காலைத் தடுக்கியிருக்கு. சுருள் ஒயர் மேஜையை விட்டே இறங்காது."

கடைக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். வாடையும் ஒயரும்! இரண்டும் கையில்தானே இருந்தன.

"கருகினது ஒண்ணு, பெட்டியில இருக்கிறது இன்னொண்ணு. அப்படின்னா மாத்தினவர் மத்தியானத்துக்குள்ள திரும்பவும் மாத்தி வச்சிருக்கார். தம்பி, பாடகர் அறையில மிச்சம் மூணு தொங்குது. கேட்டுட்டு வா."

கடைக்காரர் ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வந்தார். "ரெண்டு பேசுது அண்ணி. ஒண்ணு ஊமை."

"அது எப்பவோ செத்துப்போச்சு" என்றார் மெக்கானிக்.

நெட்டை திரும்பினார். "என்னண்ணே சொல்றீங்க? விபத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நாலு பேர் அதுங்களை மாட்டிக்கிட்டுத்தானே பாடினாங்க? நாலும் நல்லா இருந்துதே."

பஞ்சுச் சுவர்கள் பேச்சை விழுங்கிக்கொண்டன. முதலாளியின் கைக்குட்டை கழுத்திலேயே நின்றது.

"நெட்டையும் முதலாளியும் ஆஸ்பத்திரியில. இங்க இருந்தது நீங்க ஒருத்தர்தான்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "ஏன்னுதான் எனக்குப் புரியல. கிடங்குத் தீயோட பதிவுல ஒரு குரல் ஏதோ சொல்லுதாம். ஒரு எழுத்து மட்டும் பிடிபடலைன்னு இவங்க வீட்டுல எழுதி வச்சிருக்காங்க. ஒரு எழுத்துக்காகவா ஒரு பொம்பளையோட காதைப் பறிச்சீங்க?"

மெக்கானிக்குக் கோபம் வந்துவிட்டது. "பூவோ கூவோ, அதுல எனக்கென்ன மேடம்? எவனோ எங்கேயோ சொன்னதுக்கு நான் ஏன்…"

அவர் நிறுத்திக்கொண்டார், அதற்குள் காரியம் கெட்டுவிட்டது.

"பூவும் கூவும் இந்த அறையில யாரும் சொல்லலையே" என்றார் இன்ஸ்பெக்டரம்மா தாழ்ந்த குரலில். "இவங்க எங்களைத் தவிர யார்கிட்டயும் சொல்லலை. இன்னும் ரெண்டே பேருக்குத்தான் தெரியும். சொன்னவருக்கும் கேட்டவருக்கும். கதவைப் பூட்டச் சொல்லக்கூடியவர் கிடங்கு மேற்பார்வையாளர்தான். அவர் உங்களுக்கு யாரு?"

"அண்ணன்" என்றார் மெக்கானிக். "அப்பா போனதுக்கப்புறம் என்னை வளர்த்தது அவர்தான். புகை வந்ததும் எல்லாரும் சரக்கைத் தூக்கிட்டு ஓடிடுவாங்கன்னு பயந்துட்டார். காவலாளிகிட்ட, பூட்டிட்டு வான்னு… பின்வழி இருக்கு, போயிடுவாங்கன்னு நினைச்சாராம். கேட்டா கூட்டிட்டு வான்னுதான் சொன்னேன்னு சொல்லிக்கலாம்னு என்கிட்ட அழுதார்." அவர் சுவரோரம் பார்த்தார். "அக்கா காதைப் பறிக்கணும்னு நினைக்கலை மேடம். நெட்டை போனதும் விசிலைத் திரும்ப விட்டேன். ரெண்டு நாள் காது இரைஞ்சா வேலை வேற ஆளுக்குப் போயிடும்னுதான்."

"ரெண்டு நாளுக்கு அவங்க ஹெட்போனே போதுமே" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "இப்பத்தானே பார்த்தோம். எது எவ்வளவு தாங்கும்னு இந்தக் கூடத்துல உங்களை விடத் தெரிஞ்சவர் யாரு? தெரிஞ்சுதான் மாத்தினீங்க."

மெக்கானிக்கின் தலை தொங்கிப்போயிற்று. அப்புறம் பாம்புச்செவிக்கு எதிரே போய்க் கைகூப்பி ஏதோ முனகினார்.

"அவங்களுக்கு உங்க குரல் போய்ச் சேராது" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "எழுதிக் குடுங்க."

அவர் உட்கார்ந்து எழுதினார். கோடு கோணலாக ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கையெழுத்தும் போட்டார். பாம்புச்செவி அதை இரண்டு முறை படித்தாள். அவள் அழுவாள் என்று கடைக்காரர் எதிர்பார்த்தார். அவள் அழவில்லை.

"உள்ளே எத்தனை பேர் இருந்தாங்கன்னு எழுதலையே" என்றாள்.

அவர் நோட்டை வாங்கி 'ஒன்பது பேர்' என்று எழுதினார்.

"பேரை எழுதுங்க."

பேனா தாளின்மேல் நின்றது. தெரியாது என்று மெக்கானிக் தலையாட்டினார். ஒரு பெயர்கூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

பாம்புச்செவி நோட்டைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். "ஆறு நாள் கேட்டேன். புகைக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. யார் இருக்கா, யார் இல்லைன்னு பார்க்கிறதுக்கு." அவள் குரல் இப்போது யாரும் சொல்லாமலே தணிந்திருந்தது. நிலைய அதிகாரி மெக்கானிக்கின் தோளில் கைவைத்து வெளியே அழைத்துப்போனார். கதவு சாத்தும் சத்தத்துக்கு எல்லோரும் திரும்பினார்கள், அவள் திரும்பவில்லை. ஐந்தாவது பெயரை எழுதிக்கொண்டிருந்தாள்.