ஒப்பீட்டுக்கு ஒரு பாட்டில் மண்

சோதனைக்கூடத்துக்காரர் போனில் கேட்ட கேள்வி அவளுக்கு முதலில் சிரிப்பைத்தான் வரவழைத்தது.

“மேடம், நீங்க அனுப்பினதுல சுத்தமான பாட்டில் எது?”

“ஏன் சார், மேலயே சீட்டு ஒட்டியிருக்கேனே.”

“ஒட்டியிருக்கீங்க. அதான் கேக்குறேன். சீட்டு கீட்டு மாறிப் போச்சான்னு.”

மாறவில்லை. சீட்டை எழுதியதும் அவள், ஒட்டியதும் அவள், மூடியைச் சுற்றி டேப் போட்டதும் அவள். நகராட்சியில் உதவிப் பொறியாளர் என்று பெயர்தான் பெரிசு, பசை தடவுகிற வேலை வரைக்கும் அவள் தலையில்தான் விழும். அதையே அவரிடம் சொன்னாள். அந்தப் பக்கம் யாரோ கண்ணாடிச் சாமான் கழுவிக்கொண்டிருந்தது கேட்டது.

“அப்படின்னா ஒண்ணு சொல்றேன், தப்பா நினைச்சுக்காதீங்க. எல்லா பாட்டில்லயும் ஈயம் இருக்கு. உங்க சுத்தமான பாட்டில்ல கொஞ்சம் தூக்கலாவே இருக்கு.”

போனை வைத்த பிறகும் அவள் கை அதன் மேலேயே கிடந்தது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

விஷயம் இதுதான். ஊரின் கிழக்குக் கோடியில் பழைய பேட்டரி கம்பெனி இருந்த நிலம், கம்பெனியை இடித்த நாளிலிருந்து முள்ளும் புதருமாகக் கிடக்கிறது. அங்கே வீடுகள் கட்ட வேண்டும் என்று நகராட்சிக்கு ஆசை. மண்ணுக்குள் எவ்வளவு ஆழத்துக்கு என்னென்ன இறங்கியிருக்கிறது என்று தோண்டிப் பார்க்கத்தான் வக்கில்லை. அதற்கு அரசாங்கம் உதவுகிறது. விண்ணப்பம் போட்டால் ஆளையும் கருவியையும் அவர்களே அனுப்பி நிலம் முழுக்கச் சோதித்துச் சொல்வார்கள். விண்ணப்பத்தோடு மாதிரிக்குச் சில பாட்டில் மண் போக வேண்டும். கூடவே, கம்பெனியின் காற்றுகூடப் படாத இடத்திலிருந்து ஒரு பாட்டில். ஒப்பீட்டு மண் என்று அதற்குப் பெயர். அந்தப் பாட்டிலில் இருப்பதெல்லாம் இந்த ஊர் மண்ணின் இயல்பு என்று வைத்துக்கொண்டு, மற்ற பாட்டில்களின் கணக்கிலிருந்து அதைக் கழித்துவிடுவார்கள். மிச்சம் நிற்பதுதான் கம்பெனி செய்த பாவம்.

அந்த ஒரு பாட்டிலை ஆற்றங்கரையில் எடுப்பதாகத்தான் ஏற்பாடு. கடைசி நாள் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. “ஆத்துப் பக்கம் வண்டியை விட்டா, அப்புறம் வண்டியைத் தோண்டி எடுக்க ஒரு விண்ணப்பம் போடணும் மேடம்” என்றார் ஜீப் டிரைவர். அவளும் சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் கொல்லையில் எலுமிச்சைச் செடிக்கு அடியில் துளைப்பானை இறக்கி மண் எடுத்துவிட்டாள். கம்பெனி அந்தக் கோடி, அவள் வீடு இந்தக் கோடி. இதில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று நினைத்தாள். பாவி, அப்படித்தான் நினைத்தாள்.

ஆபீஸ் பெரியவரிடம் போய்ச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது.

“கழிச்சா ஒண்ணும் மிஞ்சலைங்கிறே. அப்ப நம்ம நிலம் சுத்தம்தானேம்மா? உதவியும் வேணாம், ஒண்ணும் வேணாம். நேரா வீட்டைக் கட்ட ஆரம்பிச்சிரலாம்.”

“சார், அது கழிக்கிற கணக்கு சார். அந்த ஒரு பாட்டில் மண்ணே கெட்டுப்போன மண்ணுன்னா—”

“ஆத்தங்கரை மண்ணு எப்படிம்மா கெடும்?”

மண் எடுத்தது ஆற்றங்கரையில் இல்லை என்று அவரிடம் அவள் சொல்லியிருக்கவில்லை. பெரியவர் ஏற்கனவே பைலைக் கட்டிவிட்டுக் குடையைத் தேட ஆரம்பித்திருந்தார்.

தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் லாரிகள் ஞாபகத்துக்கு வந்தன. வீடு கட்டிய வருஷம். மனை பள்ளமாக இருந்தது. மேடாக்க வேண்டும் என்று கொத்தனார் சொன்னார். சல்லிசாகக் கிடைக்கிறது என்று லாரி லாரியாக மண் கொண்டுவந்து கொட்டினார்கள். கறுப்பு மண். மிதித்தால் கெட்டியாக உட்கார்ந்துகொள்கிற மண். எங்கேயிருந்து வருகிறது என்று அவளும் கேட்கவில்லை, அவள் புருஷனும் கேட்கவில்லை. அதே வருஷம்தான் ஊரின் அந்தக் கோடியில் கம்பெனியை இடித்துக்கொண்டிருந்தார்கள். கொல்லையில் எங்கே கொத்தினாலும் கறுப்பாக, தடியாக, உடைந்த துண்டுகள் வரும். பழைய பூந்தொட்டி என்று பொறுக்கிப் போட்டிருக்கிறாள். பூந்தொட்டியாம். பேட்டரிப் பெட்டியின் ஓட்டுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பூந்தொட்டி என்று சொன்ன பொறியாளர் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

பயந்தாள். தன்னை நினைத்து இல்லை. வீட்டில் தங்கச்சி இருந்தாள்.

தங்கச்சிக்கு இது நிறைமாதம். இதற்கு முன்னால் வந்ததெல்லாம் தங்காமல் போய், இந்தத் தடவை டாக்டர் படுக்கை ஓய்வு என்று கண்டிப்பாகச் சொன்னதும் அக்காதான் போய் அழைத்துக்கொண்டு வந்தாள். தங்கச்சி புருஷனுக்குக் கப்பல் வேலை. அக்கா புருஷனுக்கு ஊர் ஊராகச் சுற்றுகிற வேலை. வீட்டில் இவர்கள் இரண்டு பேரும், வரப்போகிறவனும். வரப்போகிறவனுக்காக அந்த வீட்டில் எல்லாம் மாறியிருந்தது. படி ஏற வேண்டாம் என்று கட்டில் கீழே வந்தது. குடிக்கிற தண்ணீர் காய்ச்சி வடிகட்டப்பட்டது. காய்கறியை உப்பு நீரில் ஊறவைத்துத்தான் நறுக்கினாள் அக்கா. மண்ணை மட்டும் விட்டுவிட்டாள்.

போன் போட்டாள். அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். இந்தத் தடவை தங்கச்சி எடுத்தாள். அந்தப் பக்கம் ஏதோ அரைபடுகிற சத்தம். பல்லுக்கடியில் நறநறவென்று.

“என்னடி சாப்பிடுறே?”

விழுங்குகிற சத்தம்.

“ஒண்ணுமில்லக்கா. நீ சீக்கிரம் வா. கரண்டு போயிடுச்சு.”

ஆட்டோ கிடைக்கவில்லை, மழையில் ஆபீஸ் வாசலில் நின்று நின்று, கடைசியில் நடந்தே கிளம்பினாள். அவள் தெரு முனைக்கு வரும்போது மழை விட்டிருந்தது, ஆனால் வெளிச்சமும் போயிருந்தது. தெரு முழுக்கத் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன, ஒவ்வொரு வீட்டு வேலிக்குள்ளிருந்தும், சாக்கடையிலிருந்தும், யாரோ வாசலில் கவிழ்த்துவைத்த வாளிக்கு அடியிலிருந்தும்கூட. பூச்சிகளின் இரைச்சல் அதற்கு மேல் ஒரு போர்வை மாதிரி கிடந்தது. அவள் தன் வீட்டுக் கேட்டைத் திறந்து உள்ளே கால் வைத்த இடத்தில் அவ்வளவும் நின்றது. தெருவில் கத்திக்கொண்டுதான் இருந்தன. வீட்டைச் சுற்றி மட்டும் ஒன்றுமில்லை. “எங்க வீட்ல கொசுவே கிடையாது” என்று எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறாள். எதிர்வீட்டுக்காரி வாய்விட்டே பொறாமைப்பட்டிருக்கிறாள். எறும்பு கிடையாது. பல்லி கிடையாது. எலுமிச்சைச் செடியில் ஒரு புழு பார்த்ததில்லை. கொடுத்துவைத்தவள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தே கிடந்தது.

“அடியே.”

செல்போன் விளக்கைப் போட்டாள். வாயில் நாணயத்தை அடக்கிக்கொண்ட மாதிரி நாக்கில் ஒரு உலோகக் கசப்பு. வாசனையா சுவையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, மூச்சு இழுக்கும்போதெல்லாம் தொண்டைக்குள் இறங்கியது. தரையில் கறுப்புக் காலடிகள். வெறுங்கால். கொல்லைக் கதவிலிருந்து சமையலறைக்கு. சமையலறையிலிருந்து கொல்லைக்கு. போயும் வந்தும், போயும் வந்தும், ஈரத்தின் மேல் ஈரமாக ஒரு பாதையே விழுந்திருந்தது. படுக்கை ஓய்வில் இருக்க வேண்டியவள்.

சமையல் மேடையில் டம்ளர்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு தட்டு, பாலுக்கு மூடுகிற மாதிரி. பக்கத்தில் டீ வடிகட்டி. அதன் வலையில் சின்னச் சின்னக் கல்லும், கறுப்பு ஓட்டுத் துகளும் தங்கியிருந்தன. ஒரு தட்டை எடுத்துப் பார்த்தாள்.

சலித்த மண். மாவு மாதிரி. நடுவில் கரண்டி.

“கடவுளே” என்றாள். தட்டு கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டு, சுற்றிச் சுற்றி, அடங்குவதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது. அடங்கியதும் கொல்லையிலிருந்து குரல் வந்தது.

“இங்க இருக்கேன்க்கா.”

எப்படியாவது தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் போட வேண்டும், வயிற்றைக் கழுவ வேண்டும், குழந்தையைக் காப்பாற்ற வேண்டும். படி இறங்கினாள். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டு நடந்தாள். பாதத்துக்கு அடியில் மண் வெதுவெதுப்பாக இருந்தது. மழை பெய்த மண். வெதுவெதுப்பாக.

எலுமிச்சைச் செடிக்கு அடியில் அவள் போட்ட துளை, துளைப்பான் நுழைகிற அளவுக்குத்தான் இருந்தது. இப்போது அங்கே ஒரு குழி. ஒரு ஆள் காலை நீட்டி உட்காரலாம்.

தங்கச்சி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

முதுகைக் குழியின் சுவரில் சாய்த்து, நைட்டியைச் சுருட்டி மடியில் ஒதுக்கி, வயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு. உதடெல்லாம் கறுப்பு. விளக்கொளி பட்டதும் கண்ணைச் சுருக்கிச் சிரித்தாள். பல்லும் கறுப்பு.

“திட்டாதேக்கா.”

“எத்தனை நாளாடி?” குரல் உடைந்தது. “எத்தனை நாளா இதைத் திங்கிறே?”

“ஆசையா இருந்துச்சு. வந்த நாள்லேருந்தே ஆசையா இருந்துச்சு. பயந்துக்கிட்டு வாயில வைக்கலை, சத்தியமா.” சின்னப் பிள்ளை மாதிரி தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். “அப்புறம் நீதானே அன்னிக்கு வந்து சொன்னே. ஊரிலேயே நம்ம வீட்டு மண்ணுதான் சுத்தம், அரசாங்கத்துக்கே அனுப்பிட்டு வந்தேன்னு. நீ சொன்னா சரியாத்தானே இருக்கும்?”

சொல்லியிருந்தாள். கை கழுவிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, மழையில் நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே சொல்லியிருந்தாள்.

“எழுந்திரு. ஆஸ்பத்திரிக்குப் போகணும். எழுந்திருடி என் கண்ணு, சொன்னாக் கேளு.”

“எதுக்கு? இவன் நல்லாத்தான் இருக்கான்.” தங்கச்சி கையை நீட்டினாள். “முன்னாடி எல்லாம் கலங்கிக் கலங்கிப் போயிடும்ல. இப்ப பாரு, கெட்டியா உட்கார்ந்துட்டான். தொட்டுப் பாரேன்.”

தொட மாட்டேன் என்று நினைத்தாள். குழிக்குள் இறங்கி மண்டியிட்டாள். தங்கச்சியின் விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்து வயிற்றுக்குக் கொண்டுபோயின. அந்த விரல்களில் அவ்வளவு பலம் எப்படி வந்தது என்று தெரியவில்லை. உள்ளங்கை படிந்தது.

குளிர்ச்சி.

துடிப்பு இல்லை. அசைவு இல்லை. சூடு இல்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள், எங்காவது ஒரு உதை, ஒரு நெளிவு, ஏதாவது. அழுத்த அழுத்தக் கை இறங்கியது. தோல் எதிர்க்கவில்லை. விரல்கள் கணு வரைக்கும் உள்ளே போயின.

அலறிக்கொண்டு கையை இழுத்தாள். செல்போன் விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து வெளிச்சம் நேராக வயிற்றின் மேல் அடித்தது.

அவள் கை அங்கேயே இருந்தது. உள்ளங்கை, ஐந்து விரல், மோதிரத்தின் தடம்கூட. ஆழமாக. விளிம்பு உடையாமல்.

தடம் மேலே எழும்பும் என்று காத்திருந்தாள். எழும்பவில்லை.

தங்கச்சி குனிந்து பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை, கொஞ்சம் செல்லமான சலிப்புதான். “மெதுவாக்கா” என்றாள். பக்கத்திலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளிச் சுண்டுவிரல் பள்ளத்தில் வைத்தாள். பெருவிரலால் அழுத்தித் தேய்த்துச் சமன் செய்தாள். பிறகு மோதிர விரல் பள்ளத்துக்கு ஒரு பிடி அள்ளினாள்.