பெரிய கங்காணியின் கடைசிப் படம்

யாரோ அசைந்திருந்தார்கள்.

றக்வானைப் பட்டணத்துப் படக்கடையின் பின்னறையில், தகரக் கூரையில் மழை இரைய, சிவப்பு விளக்கின் புகையும் மருந்துத் தண்ணீரின் நெடியும் தொண்டையை அடைக்க, தட்டில் கிடந்த கண்ணாடிப் பிளேட்டை மெல்ல ஆட்டியபடி, உருவங்கள் ஒவ்வொன்றாகக் கறுத்து எழும்புவதைத் தாஸிம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் விதவை தெரேசம்மா தெளிவு. பக்கத்தில் மகன் அமிர்தநாதன் தெளிவு. முன்னால் கதிரையில் இருந்தவரின் முகம் மட்டும் கலங்கியிருந்தது.

கதிரையில் இருந்தது பிணம்.

பெரிய கங்காணி ஞானப்பிரகாசத்தைப் படுத்த கோலத்தில் படம் பிடித்தால் குடும்ப மானம் போய்விடும் என்று, முந்தின இரவு கோட்டும் தலைப்பாகையும் மாட்டி உட்கார வைத்திருந்தார்கள். சரியாமலிருக்க மார்பையும் கைகளையும் கதிரையோடு இறுக்கச் சொன்னவர் தாஸிம்தான். தாடைக்கட்டைத் தலைப்பாகைக்குள் மறைத்தாயிற்று. சாவை உறுதிப்படுத்திய தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர், ஆளைத் தொட்டுப் பாராமலே, சப்பாத்து சேறாகுமென்று வாசலோடு திரும்பியிருந்தார்.

தாஸிமின் கடைப் பலகையில் 'இராப்பட நிபுணர்' என்றிருந்தது. நிபுணருக்கு அதுதான் முதல் இராப்படம். வெளிச்சத் தூள் ஈரத்தில் நமுத்துவிட, வீட்டு விளக்குகளையெல்லாம் ஏற்றி லென்ஸ் மூடியைக் கழற்றினார். நேரம் அளக்க ஓதல்தான் அவருக்குக் கடிகாரம்: பகலில் ஒரு பிஸ்மி, விளக்கொளியில் நீண்ட ஆயத்துல் குர்ஸி. கண்ணை மூடிக்கொண்டுதான் ஓதுவார். பாதியில் கதிரை கிரீச்சிட்டது. ஓதி முடித்து மூடியைப் போட்டதும் அதட்டினார்.

"ஆரு அசஞ்ச? படம் பழுதாப் போற!"

"நாங்க யாரும் அசையலீங்க, தாஸிம் நானா," என்றான் அமிர்தநாதன். "மூச்சுக்கூட விடல."

"மூச்சு விடாம இருக்கிற உங்கட அப்பா மட்டுந்தான். அவரப் பாத்துப் படிங்கோ!"

இரண்டாவது பிளேட்டும் அப்படியே எடுத்தார். காலையில் அடக்கம் முடிந்தது.

இப்போது கலங்கலை உற்றுப் பார்த்தார். கோட்டுப் பொத்தான்கள் கூர்மை. கட்டிய கைகள் கூர்மை. கட்டாமல் விட்டது கழுத்தை மட்டும். முகம் இடப்பக்கம் இழுபட்டிருந்தது. வலப்பக்கமும். மறுபடி இடப்பக்கம்.

இல்லை, இல்லை என்பதுபோல.

அப்படியானால் காலையில் மண் போட்டது...

கதவு தட்டப்பட்டது. தாஸிம் துள்ளினார்.

"சோறு ஆறிப் போகுது," மனைவி ஹபீஸாவின் குரல். "தொறங்கோ."

"தொறக்காத! வெளிச்சம் பட்டாப் படம் போயிரும்!"

"போனா என்ன? ஆளையே பொதச்சாச்சுதானே."

இன்னொரு பிளேட் இருந்தது. அதை மருந்தில் நழுவவிட்டார். யா அல்லாஹ், எனக்குப் படம் பிடிக்கத் தெரியாது. லென்ஸில் கோளாறு. பிளேட்டில் கோளாறு. பலகையைக் கழற்றி அடுப்பில் வைக்கிறேன். இதிலே அந்த மனிதர் அசையாமல் இருக்கட்டும்.

மெல்ல எழும்பியது. கோட்டு. மீசை. தலைப்பாகை.

எல்லாம் கூர்மை. ஒரு மயிரிழை கலங்கவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்." அழுகை வந்தது. பிளேட்டைக் கழுவி, சிவப்பு விளக்குக்கு நேரே பிடித்தார்.

கண்ணாடிப் பிளேட்டில் வெளுப்பெல்லாம் கறுக்கும். கறுப்பெல்லாம் வெறும் கண்ணாடியாக நிற்கும். மூடிய இமைகள் முகத்தைப் போலவே கறுத்திருக்க வேண்டும்.

கறுத்த முகத்தின் நடுவே இரண்டு வெறும் வட்டங்கள். அவற்றின் வழியே விளக்கின் சிவப்பு வந்தது.

நேராக. அவரையே பார்த்தபடி. இமைக்காமல்.