கேட்காமல் சொன்னவை

திருப்பலியில் எல்லோரோடும் சேர்ந்து "ஆமென்" சொன்ன ரெமிஜியுஸின் குரல், அத்தோடு நிற்காமல் ஒரு மூட்டுவலித் தைலத்தையும் பரிந்துரைத்தது. முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வந்ததும் நண்பன் ஒருவன், தைலக்காரன் கமிஷன் தருகிறானா என்று கேட்டான். ரெமிஜியுஸும் சிரித்தான். ஆனால் வீட்டுக்கு வந்ததும் குரற்பட்டியைக் கழற்றி மேசைமேல் வைத்தவன், அன்று முழுக்க அதை எடுத்து மாட்டவில்லை. அவன் மனைவி ஜெசிந்தாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

தொண்டையில் கட்டி வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள் அவனுக்கு. இப்போது அவன் குரல், கழுத்தைச் சுற்றிய அந்தப் பட்டிதான். அவன் வாயசைத்தால் தொண்டைத் தசைகளின் துடிப்பைப் பட்டி பிடித்து, வலை வழியே எங்கோ இருக்கும் பெரிய கணினிக்கு அனுப்பும். அது துடிப்பைச் சொல்லாக்கி, அறுவைக்கு முன் பதிந்து வைத்த அவனுடைய சொந்தக் குரலிலேயே திருப்பி அனுப்பும். எல்லாம் ஒரு கண்ணிமைப்பில். கட்டணம் கட்டி விளம்பரத்தை நீக்கும் வசதி பெரிய சந்தையுள்ள மொழிகளுக்கு மட்டுமே இருந்தது. தமிழில் பேசுகிறவனுக்கு இலவசச் சேவைதான். அவன் பேசும் வாக்கியத்தின் வாலில் விளம்பரமும் ஒட்டிக்கொண்டு வரும், அவன் குரலிலேயே.

ஜெசிந்தா தூத்துக்குடியில் ஒரு சரக்குப்பெட்டி முனையத்தின் வலையமைப்பைப் பார்த்துக்கொள்பவள். முதலில் அவள் வீட்டு வலைப்பெட்டியில் ஒரு பெயர்க்காவலை வைத்தாள். வலையில் எந்தக் கருவிக்கும் மற்றொன்றின் பெயர்தான் தெரியும். போய்ச் சேர எண் வேண்டும். அந்த எண்ணை முதலில் விசாரித்தாக வேண்டும். விளம்பரக் கணினியின் பெயரைச் சொல்லி விசாரித்தால், அப்படி ஒருவரும் இல்லை என்று பெயர்க்காவல் கைவிரித்துவிடும். எண் இல்லையென்றால் பயணமும் இல்லை. விளம்பரம் வீட்டு வாசலுக்கே வராது.

கொஞ்ச காலம் நன்றாக இருந்தது. பிறகு நிறுவனம் விழித்துக்கொண்டு, குரல் வருகிற அதே பெயரிலிருந்து சில விளம்பரங்களையும் அனுப்பத் தொடங்கியது. அந்தப் பெயரை மறித்தால் ரெமிஜியுஸ் ஊமையாகிவிடுவான். பெயர்க்காவல் லாரியின் மேல் எழுதியிருப்பதைத்தான் படிக்கும், மூட்டையைப் பிரித்துப் பார்க்காது. அதனால் ஜெசிந்தா பட்டிக்குள்ளேயே ஒரு சொல்லரிப்பானை எழுதினாள். அது வந்து சேர்ந்த மூட்டையைப் பிரித்து, விளம்பரத்தை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தைப் பேசவிடும். எல்லாவற்றையும் அரிப்பானே பிரிப்பதென்றால் பேச்சு திணறும்; பெருங்கூட்டத்தை வாசலிலேயே காவல் நிறுத்திவிடுவதால்தான் அதற்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. இதையெல்லாம் அவள் தேநீரை ஆறவிட்டு உற்சாகமாக விளக்கினாள்.

"அப்ப வாசல்ல நாய், அடுப்படியில பூனை," என்றான் ரெமிஜியுஸ்.

"பூனை பாலையும் சேத்துக் குடிச்சிரும். வேற சொல்லுங்க."

விளம்பரத்தை அரிப்பான் எப்படி அடையாளம் காணும்? அவள் மூன்று குறிகளைக் கொடுத்தாள். யாரும் கேட்காமல் சொல்லப்படும். திரும்பத் திரும்பச் சொல்லப்படும். கேட்பவரை ஏதாவது செய்யச் சொல்லும். மூன்றும் பொருந்தினால் எறிந்துவிடலாம். பொருந்தியது, எறிந்தது. தைலமும் மெத்தையும் ஒழிந்தன.

மழைக்காலம் வந்தபோது வீட்டில் அவன் பேச்சு குறைந்திருப்பதை ஜெசிந்தா கவனித்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னான். தானாக ஒன்றும் சொல்லவில்லை. காலையில் அவள் வண்டியைக் கிளப்பும்போது பின்னால் நிற்பான், சத்தமே இராது. என்ன கோபம் என்று அவளுக்குப் புரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையில் மீன்காரப் பெண்ணோடு அவன் சீலா மீனுக்குப் பேரம் பேசி, கிண்டலடித்து, அவளைச் சிரிக்க வைத்ததைப் பார்த்தாள். திரும்பும் வழியில் ஒரு சொல் இல்லை.

"மீன்காரிகிட்ட அம்புட்டுப் பேசுதீங்க. எங்கிட்ட என்ன?" என்று நடுத்தெருவில் நின்று கேட்டாள்.

அவனும் நின்றான். "கட்டி திரும்ப வந்திருக்குன்னு நெனைக்கேன், ஜெசி."

அவளிடம் சொல்லாமல் தனியாக மருத்துவரைப் பார்க்க நேரம்கூட வாங்கியிருந்தான். சில சொற்கள் வாயோடு நின்றுவிடுகின்றனவாம்; அந்தப் பயத்தில் அவளிடம் தானாக வாய் திறப்பதையே விட்டுவிட்டானாம். "மத்தவங்ககிட்ட நல்லாத்தான் வருது. உங்கிட்ட பேசுனாத்தான் நின்னுபோகுது."

எந்தச் சொல் என்று கேட்டாள். அவன் சொல்லிக் காட்டினான். உதடுகள் அசைந்தன, பட்டி பேசவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொல்லி, அவன் வாயையே பார்த்தாள். பாத்துப் போ. அடுத்தது: நேரத்துக்குச் சாப்பிடு. அடுத்தது: குடைய எடுத்துக்க.

பூட்டியிருந்த கடைப் படியில் ஜெசிந்தா உட்கார்ந்துவிட்டாள். யாரும் கேட்கவில்லை. தினமும் சொல்கிறான். அவளை ஏதோ செய்யச் சொல்கிறான்.

"கட்டி இல்ல," என்றாள். "நாந்தான்."

அவள் சொல்லி முடிக்கும்வரை அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "அப்ப நான் விளம்பரமா?" என்றான். அவள் அழுதுகொண்டே அவன் தோளில் அடித்தாள்.

மருத்துவரிடம் இருவருமாகப் போனார்கள். கட்டி இல்லைதான். அந்த மூன்று வாக்கியங்களுக்கும் அரிப்பானில் விலக்கு எழுதினாள். அவன் டயரில் காற்றுப் பார்க்கச் சொல்லத் தொடங்கினான். சில நாளில் அதுவும் மறைந்தது. அக்கறை புதிது புதிதாக வந்துகொண்டே இருந்தது. அதற்கும் விளம்பரத்துக்கும் அச்சு ஒன்றாக இருந்தது. விளம்பரக்காரர்கள் அந்த அச்சை எந்த வீட்டு வாசலில் கேட்டு எடுத்துப் போயிருப்பார்கள் என்று அவள் அப்போதுதான் யோசித்தாள். பெயர்க்காவலை விட்டுவைத்து, சொல்லரிப்பானை அழித்தாள்.

நிறுவனத்தின் கணினி பட்டி வழியே ஒன்றை மட்டும் அளந்துகொண்டிருந்தது: விளம்பரம் தொடங்கியபின் கேட்பவர் எவ்வளவு நேரம் அருகே நிற்கிறார் என்று. மற்ற வீடுகளில் உடனே நகர்ந்துவிடுவார்கள். இந்த வீட்டில் தினமும் காலையில் ஒருத்தி கடைசிச் சொல்வரை நின்றாள். விளம்பரத்தை இவ்வளவு விரும்பும் வீட்டைக் கணினி அதுவரை கண்டதில்லை. அது விளம்பரங்களைக் கூட்டியது, நீட்டியது.

"பாத்துப் போ," என்றான் ரெமிஜியுஸ். அவன் குரலே தொடர்ந்து மழைக்கால டயர்களைப் புகழ்ந்தது, காப்பீடு எடுக்கச் சொன்னது, ஒரு நகைக்கடையின் பண்டிகைச் சலுகையை விவரித்தது. அவன் சங்கடத்தோடு தரையைப் பார்த்தான். ஜெசிந்தா தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பாமல் காத்திருந்தாள். நகைக்கடை முடிந்தது.

"போயிட்டியா?"

"நிக்கேன். சொல்லுங்க."