முப்பத்தாறு பைகள்

செவ்வாய்க்கிழமைதோறும் காலை பத்து மணிக்குக் காசு வண்டி புறப்படும். ஒன்பதரைக்கெல்லாம் வடிவழகியும் யாசின் பாயும் பாளையங்கோட்டை வங்கியின் எதிர்நடைபாதைக்கு வந்துவிடுவார்கள். வடிவழகியின் கையில் தொலைநோக்கியும் காகித நோட்டும் இருக்கும். பாய் நாற்காலி இரண்டு கொண்டுவருவார். பதின்மூன்று ஆண்டுகளாக இதுதான் வழக்கம்.

"இன்னைக்கு எத்தனை பை?" என்றார் பாய்.

"முப்பத்தாறு. ஒவ்வொண்ணையும் ரெண்டு பேரு சேந்துதான் தூக்குதாங்க. நாலாயிரம் காசுப் பை."

"எந்த ஊருக்குப் போவுதுன்னு தட்டைப் பாத்தாத் தெரிஞ்சிரும்."

ஊரில் பல ஆண்டுகளாக யாரும் காசைத் தொட்டதில்லை. கடையில் ஒரு பொருளை எடுத்துக் கருவியை ஒருமுறை பார்த்தால் போதும். விழி அடையாளம் பதிந்து பணம் போய்விடும். கண்ணொப்பம் என்று அதற்குப் பெயர். காசு எல்லா ஊர் வங்கிகளின் பெட்டகங்களிலும் பையில் கட்டிக் கிடந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் அடித்த சூரியப்புயலில் கணினி வலை ஒன்பது நாள் செத்துப்போய், கடை நிறைய அரிசி இருந்தும் வாங்க வழியில்லாமல் மக்கள் பட்டினி கிடந்தார்கள். அதன்பிறகு வந்தது இருப்புக் காசுச் சட்டம். வலை பேசாத மௌன நாளில் மட்டுமே காசு வெளியே வரும். மற்ற நாளில் ஒருவர் ஒரு காசை வீட்டில் வைத்திருந்தாலும் குற்றம்.

சும்மா கிடந்தால் காசு கறை பிடிக்கும் என்பதால், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஊர் இருப்பும் பாளையங்கோட்டை வங்கியின் கழுவுநிலையத்துக்கு வந்து திரும்பும். பைகளில் ஊர்ப்பெயர் இராது. கதவு மூடியபின்தான் வலை தானோடி வண்டிக்கு வழி சொல்லும். வழிப்பறிக்குப் பயந்து செய்த ஏற்பாடு அது. ஆனால் பைக்குள் இருப்பது தகரமில்லை, காசுதான் என்று பொதுமக்களுக்குக் காட்ட, வண்டி வந்ததும், புறப்படும் முன்னும் ஒரு பையைப் பிரித்து வாசலில் உள்ள கண்ணாடித் தட்டில் கொட்டவேண்டும் என்று சட்டத்தில் ஒரு விதி இருந்தது. அதைப் பார்க்க வந்த பொதுமக்கள் இவர்கள் இரண்டு பேர்தான்.

காசு தட்டில் விழும் ஓசை சாலையைத் தாண்டிக் கேட்டது. வடிவழகி தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தாள். கட்டைவிரலைக் காட்டும் கை பொறித்த ஒரு ரூபாய்க் காசுகள். இரண்டு விரல் காட்டும் கை பொறித்த இரண்டு ரூபாய்க் காசுகள். அவள் முகம் மலர்ந்தது.

"விரல் காசு, பாய்! அம்பாசமுத்திரத்து இருப்பு. பதினஞ்சு நாளைக்கு முன்னாடி அழுக்கா வந்திச்சே, அதுதான். எப்படி மின்னுது பாருங்க."

ஒவ்வொரு ஊர் இருப்பும் ஒருவகைக் கலவை. எந்த ஆண்டு, எந்த ஆலை, எந்தப் படம் என்பது ஊருக்கு ஊர் மாறும். விரல் காசு இந்த வட்டாரத்தில் அம்பாசமுத்திரத்துக்கு மட்டுமே வாய்த்திருந்தது. வண்டிகள் வரும் திசையையும் காசு வகையையும் பல ஆண்டுகள் ஒப்பிட்டு இருவரும் அதைக் கண்டுபிடித்திருந்தார்கள். அவள் நோட்டில் குறித்துக்கொண்டிருக்கும்போது தெருவிளம்பரங்கள் ஒருசேர அணைந்தன. தானோடிகள் நின்ற இடத்தில் நின்றன. ஒரு நிமிடம் கழித்து, நகராட்சிக் கோபுரத்திலிருந்து கையால் சுற்றும் சங்கு நீளமாக ஊதியது.

மௌன நாள் தொடங்கிவிட்டது.

அரைமணி நேரத்தில் வங்கி வாசலில் கூட்டம் கூடிவிட்டது. மேலாளர் பிரமநாயகம் சட்டப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேர்த்துக் கொட்ட நின்றார். அவர் வேலைக்கு வந்தபின் வரும் முதல் மௌன நாள். பெட்டகத்தைத் திறக்கச் சொன்னார். பிறகு வண்டியைப் பார்த்தார்.

"அதையும் இறக்குங்க. வீட்டுக்கு நூறு காசுக்குப் பதிலா நூத்தம்பது குடுக்கலாம்."

வடிவழகி சாலையைக் கடந்து ஓடினாள்.

"சார், அத இறக்காதிய. அது அம்பாசமுத்திரத்துக் காசு. அங்க பெட்டகம் காலி."

"யாரும்மா நீங்க?"

"நாங்க காசு பாக்குறவங்க. வாராவாரம் எதுத்தாப்புல நிக்கோமே."

மேலாளர் வாராவாரம் அவர்களைப் பார்த்திருக்கிறார். பொழுதுபோகாதவர்கள் என்று நினைத்திருக்கிறார். "எந்த ஊரு இருப்புன்னு வலைக்கு மட்டுந்தான் தெரியும். எனக்கே தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் நோட்டை விரித்தாள். பதினைந்து நாளுக்கு முந்தைய பக்கத்தில், கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த வண்டிகள், பை எண்ணிக்கை, தட்டில் கண்ட காசு வகை எல்லாம் அவள் கையெழுத்தில் இருந்தன. அம்பாசமுத்திரம், முப்பத்தாறு பை, விரல் காசு.

"இது நீங்களா எழுதினது. இதை நம்பி ஒரு வண்டிக் காசை நான் அனுப்ப முடியுமா? இங்க ஜனம் நிக்குது, பாருங்க."

கூட்டத்தில் ஒருவர் கத்தினார். "யாரு சார் அது? இறக்குங்க சார்!"

வடிவழகி நோட்டை மூடவில்லை. பதின்மூன்று ஆண்டுகளில் அவள் பாயைத் தவிர யாரிடமும் இந்தக் குறிப்புகளைப் பற்றிப் பேசியதில்லை. பேசினால் சிரிப்பார்கள். இப்போது முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு முழு ஊர் வெறும் பெட்டகத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

"சார், உங்க பெட்டகத்துப் பை ஒண்ணைப் பிரிங்க. அதுல ஒரு விரல் காசு இருந்தாலும் நான் பேசாமப் போயிருதேன். பெறகு வண்டியில நீங்க சொல்லுத எந்தப் பையையும் பிரிங்க. விரல் காசு இல்லாத பை ஒண்ணு இருந்தாலும் இறக்கிக்கிடுங்க."

பெட்டகத்துப் பை தட்டில் கவிழ்ந்தது. மேலாளரே குனிந்து கையால் துழாவினார். எல்லாக் காசிலும் எண் மட்டும்தான், விரலே இல்லை. வண்டியிலிருந்து ஐந்தாவது பை, பதினேழாவது பை, கடைசிப் பை. மூன்றும் தட்டில் விழுந்தபோது கட்டைவிரல்களும் இரட்டை விரல்களுமாய் மின்னின. கத்தியவரும் எட்டிப்பார்த்தார்.

"அந்த ஊர்க்காரங்களுக்கும் வயிறு இருக்குல்லா," என்றார் அவரே, மெதுவாக. "எம் மக அங்கதான் இருக்கா."

பிரமநாயகம் புத்தகத்தை மூடினார். "சரி, வலை இல்லாம வண்டி எப்படிப் போவும்?"

வண்டிக் காவலர் அருள்தாசன் முன்னால் வந்தார். "கையோட்டு எனக்குத் தெரியும் சார். ஆறு மாசத்துக்கு ஒருக்கா பயிற்சி குடுக்காங்க. நிஜமா ஓட்டுனதில்லை." வடிவழகியைப் பார்த்தார். "யக்கா, நீங்களும் கூட வாங்க. அங்க போயி இதே கதையத் திரும்பச் சொல்ல ஆள் வேணும்."

யாசின் பாய் தன் நாற்காலியை வங்கி வாசலுக்கே கொண்டுவந்து போட்டிருந்தார். எந்தக் காசு எவ்வளவு என்று தெரியாமல் விழித்த மக்களுக்கு ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டிக்கொண்டிருந்தார். "நீ போயிட்டு வாம்மா," என்றார். "எனக்கு இன்னைக்கு வேலை வந்திருச்சு." அவர் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை அவள் கேட்டதில்லை.

சேரன்மகாதேவி வழியாக வண்டி ஊர்ந்தது. அருள்தாசன் சக்கரத்தை இறுகப் பிடித்திருந்தார். நின்றுபோன தானோடிகளைச் சுற்றி வளைத்து, வாழைத்தோட்டங்களையும் கால்வாய்களையும் கடந்து அம்பாசமுத்திரம் சேர இரண்டு மணி நேரம் ஆனது. வங்கி வாசலில் மக்கள் வெயிலில் அமர்ந்திருந்தார்கள். உள்ளே வெறும் பெட்டகம் திறந்து கிடந்தது. வண்டியைக் கண்டதும் யாரும் ஆரவாரம் செய்யவில்லை. எல்லோரும் எழுந்து நின்றார்கள், அவ்வளவுதான். ஒரு பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வடிவழகி மேசைமேல் காசைப் பரப்பினாள். "விரலை எண்ணுங்க. ஒரு விரலுன்னா ஒரு ரூவா, ரெண்டு விரலுன்னா ரெண்டு ரூவா." நாலு மணிவரை இதையே சொன்னாள். கடைசியில், பதிவேட்டில் அவள் பெயரையும் எழுதிக்கொண்டு அவளுக்கும் நூறு காசு கொடுத்தார்கள். தொலைநோக்கியில் மட்டுமே பார்த்த காசு உள்ளங்கையில் கனத்தது. நினைத்ததைவிடக் குளிர்ச்சியாக இருந்தது.

பசித்தது. ஆற்றுப்பாலத்தருகே ஒரு டீக்கடை திறந்திருந்தது. கடைக்காரம்மா, செத்துப்போன கண்ணொப்பக் கருவியின்மேல் ஈரத்துணியைக் காயப்போட்டிருந்தாள்.

"டீயும் ரெண்டு வடையும்," என்று சொல்லி வடிவழகி காசுகளை நீட்டினாள்.

கடைக்காரம்மா விரல்களை எண்ணி வாங்கிக்கொண்டாள். பிறகு வடிவழகியின் முகத்தையே பார்த்தபடி நின்றாள். வடிவழகிக்குக் கொஞ்ச நேரம் ஏனென்று விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கருவியைப் பார்த்த உடனே வந்தவரின் பெயர், வயது, மணமுறிவு, உடல்நலக் குறிப்பு எல்லாம் கடைக்காரர் முன் தோன்றிவிடும். மணமுறிவுக்குப் பின் எட்டு வருடமாக எந்தக் கடையிலும் அவளிடம் எதுவும் கேட்காமலே தனியாள் சாப்பாட்டையும் சர்க்கரை இல்லாத டீயையும்தான் நீட்டினார்கள். இந்தக் காசில் அவளைப்பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"சீனி போடவாம்மா?" என்றாள் கடைக்காரம்மா தயங்கி.

"ஒரு கரண்டி போடுங்க."

டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டு அவள் எதிர்ப்பலகையில் உட்கார்ந்தாள். "எம் பேரு இசக்கி. நீங்க யாரு, எந்த ஊரு? ஒண்ணுமே தெரியலையே!"

வடிவழகி டீயை ஒரு வாய் குடித்தாள். இனித்தது. எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தாள். வலையில் இருந்த எதையும் சொல்லவேண்டிய தேவையில்லை என்று தோன்றியது.

"எம் பேரு வடிவு," என்றாள். "எனக்குக் காசு பாக்குறதுன்னா அவ்வளவு ஆசை. சொல்லுதேன், கேக்கியளா?"

"சொல்லுங்க," என்று இசக்கி காலை மடக்கி வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.