இடப்பக்கம் யாரோ

துவைத்த துணிகளைக் கொடியில் போட்டுவிட்டுப் பின்கட்டிலிருந்து கூடத்துக்குள் வந்தபோதுதான் கனகலதா அந்தச் சத்தத்தை முதலில் கேட்டாள். நனைந்த சாக்கை யாரோ சிமெண்டுத் தரையில் இழுத்துக்கொண்டு வருவது போல ஓர் இழுப்பு, சிறிது இடைவெளி, மறுபடி ஓர் இழுப்பு. அவள் நின்றாள். சத்தமும் நின்றது.

காலையிலிருந்தே மலை மேகத்துக்குள் போயிருந்தது. வீட்டுக்குள் மத்தியானத்திலேயே அந்தி நேரத்து மங்கல். சுவர்களிலிருந்து ஈர வாடையும், சமையலறையிலிருந்து மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் வாடையும் கலந்து வந்தன.

"என்னாங்க, ஸ்கூல்லேருந்து வந்துட்டீங்களா?"

வாசல் கதவு அவள் போட்ட தாழ்ப்பாளோடு அப்படியே இருந்தது.

காலை இழுத்து நடக்கிற சத்தம் அது. டாக்டர் சொன்னவற்றில் அதுவும் ஒன்று.

எழுபத்தெட்டாம் வருஷத்து ஐப்பசியில் கீழ்பென்னாத்தூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு, அவளும் அவள் கணவன் தரணேந்திரனும் ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வழியில் எருமை ஒன்று குறுக்கே வந்தது. வண்டி சரிந்தது. உயர்நிலைப்பள்ளியில் கணக்கு வாத்தியாரான அவருடைய நெற்றி கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். அவள் சாலையோரத்து ஜல்லிக் குவியலில் விழுந்து, எழுந்து, தன் முந்தானையைக் கிழித்து அவர் தலையில் கட்டினாள்.

டாக்டர் தையல் போட்டுவிட்டு அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இப்ப நல்லாத்தான் இருக்காரு. ஆனா மண்டையில அடின்னா எல்லாம் உடனே தெரியாதும்மா. உள்ள மெல்லமா ரத்தம் கசிஞ்சு, வாரக்கணக்குல ஆனப்புறம்கூட வேலையக் காட்டும். தலைவலி விடாம இருந்தா, பகல்ல அசந்து அசந்து தூங்கினா, ஒரு பக்கம் கை காலு இழுத்தா, குணம் மாறி சின்னதுக்கெல்லாம் எரிஞ்சு விழுந்தா, உடனே கூட்டிட்டு வந்துடுங்க. அவருக்கே தெரியாது. கூட இருக்கற நீங்கதான் பாக்கணும்."

"பாத்துக்கறேங்க."

"உங்களுக்கு அடி ஏதாச்சும்?"

"தலையில லேசா இடிச்சுது, அவ்ளோதான். எனக்கு ஒண்ணுமில்லைங்க."

அன்று முதல் அவள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் பல் தேய்க்கும்போது பார்த்தாள், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற அந்தச் சமண வீட்டு வழக்கப்படி சாயங்காலம் இலை முன்னால் உட்காரும்போது கை நடுங்குகிறதா என்று பார்த்தாள், தூங்கும்போது மூச்சைக் கவனித்தாள். அதனால்தான் அவளுக்குத் தலைவலி. கண் விழித்தால் வலிக்காதா? விடிந்து பொழுது ஏறினாலும் கண் செருகிக்கொண்டே இருந்தது. உலையில் அரிசியைப் போட்டுவிட்டுச் சுவரில் சாய்வாள், கண் திறந்தால் சோறு குழைந்திருக்கும்.

தையல் பிரித்தாகிவிட்டது. அவர் பள்ளிக்கூடம் போய்வர ஆரம்பித்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அவளுக்கு மட்டும் தெரிந்தது, அவர் சரியில்லை.

முன்பெல்லாம் அவர் வருவது செருப்புச் சத்தத்திலேயே தெரியும். இப்போது திடீரென்று பக்கத்தில் முளைத்தார். அவள் தலை திருப்பினால் அங்கே யாரும் இல்லை, ஆனால் குரல் மட்டும் கேட்கும். ஒருநாள் அப்படித்தான் காற்றுக்குள்ளிருந்து, "என்னா கனகா, நான் இங்கதானே நிக்கறேன்," என்றார். அவள் அலறிவிட்டாள்.

பிறகு கோலம். ஒருநாள் காலையில் எதிர்வீட்டுச் சரசு வாளியோடு நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா, பாதியிலயே விட்டுட்டீங்க?"

"முழுசாத்தானே போட்டேன்."

சரசு கோலத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கனகலதாவின் கண்ணுக்குக் கோலம் முழுசாகத்தான் இருந்தது. சரசுவும் அவரும் சேர்ந்து தன்னை ஏதோ செய்கிறார்கள் என்று அன்றைக்கு முதல் தடவையாக அவளுக்குத் தோன்றியது.

அன்று சாயங்காலம் அவர் சாப்பிடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு டாக்டரப் பாத்துட்டு வந்துடலாமா கனகா?"

"ஏன், தல வலிக்குதா உங்களுக்கு?"

"எனக்கில்ல. உனக்குத்தான் என்னமோ போல இருக்கு."

"எனக்கு என்னா? என்னைப் பைத்தியம்னு காட்டப் போறீங்களா?" அவள் கையிலிருந்த கரண்டி சுவரில் போய் விழுந்தது. பதினோரு வருஷத்தில் அவரை அவள் எதிர்த்துக்கூடப் பேசியதில்லை. அவர் எழுந்து கை கழுவினார். திரும்பி வந்தபோது அவர் கண்ணில் பயம் இருந்தது. பயப்படுகிறார், அவருக்கு முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த நாள் பரீட்சை நாள் என்பதால் அவர் பள்ளிக்கூடம் போயே ஆகவேண்டியிருந்தது. சாயங்காலம் கட்டாயம் போகலாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அந்த நாள்தான் இது.

அவள் கூடத்திலிருந்து சமையலறைக்கு நடந்தாள். இழுப்பு பின்னாலேயே வந்தது. அவள் வேகமாகப் போனால் அதுவும் வேகமாக, ஆனால் சற்றுத் தடுமாறி. சமையலறை நிலைப்படியைத் தாண்டும்போது ஏதோ கல்லில் உரசியது. அவள் குடிக்கத் தண்ணீர் எடுத்தாள். சொம்பு தரையில் உருண்டு கிடந்தது. அது எப்படி விழுந்தது? யார் தட்டிவிட்டது? புடவை நனைந்து காலோடு ஒட்டியது, ஒரு காலில் மட்டும் சில்லென்றிருந்தது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஓட்டின் மேல் அது விழுகிற சத்தத்துக்கு நடுவில் கோயில் மணி தூரத்தில் ஒலித்தது, ஒருமுறை கனமாக, பிறகு நீருக்கடியில் அடிப்பது போல மங்கலாக. வீட்டுக்குள் யாரோ மூச்சு விடுகிறார்கள். கனமான, ஈரமான மூச்சு.

"யாரு?"

மழை.

"ஏங்க, விளையாடாதீங்க."

அவள் வலப்பக்கமாக மெல்லத் திரும்பினாள். கூடம். மர பீரோ. மகாவீரர் படம். திரும்பிக்கொண்டே இருந்தாள், முழு வட்டம் சுற்றி வந்தாள். அப்போதுதான் தரையைப் பார்த்தாள்.

சிவப்பாக ஒரு கோடு.

பின்கட்டுக் கதவிலிருந்து கூடம் வரை. கூடத்திலிருந்து சமையலறைக்கு. விட்டு விட்டு, தேய்த்துத் தேய்த்து. அவள் போன இடமெல்லாம் போயிருந்தது. அவள் நின்ற இடத்துக்கு வந்து முடிந்திருந்தது.

அடிபட்ட ஏதோ ஒன்று அவள் பின்னால் ஒட்டிக்கொண்டு நடக்கிறது.

ஜன்னலுக்கு ஓடினாள். தெருவில் குடை பிடித்துக்கொண்டு தரணேந்திரன் வந்துகொண்டிருந்தார். தேங்கிய தண்ணீரை காலை எட்டிப் போட்டுத் தாண்டினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு காலும் திடமாக, பழைய நடை. ஒரு குறையும் இல்லை.

அவர் அங்கே வருகிறார்.

அப்படியானால் இங்கே இருப்பது?

கதவுக்குப் போனாள். அதுவும் வந்தது. தாழ்ப்பாளைத் தொட்டாள். அது நின்றது. மிக அருகில். காதோரமாக. கதவைத் திறந்துவிட்டு அவர் மேல் சாய்ந்தாள்.

"உள்ள யாரோ இருக்காங்க. கால இழுத்துட்டு என் பின்னாலயே வராங்க. ரத்தம் பாருங்க."

அவர் தரையைப் பார்த்தார். குடை கையிலிருந்து நழுவியது. அப்படியே மண்டி போட்டு அவள் புடவைக் கரையை விலக்கினார்.

"கனகா. உன் காலு. விரலு பூராத் தேஞ்சு கிடக்கு. வலிக்கலையா?"

"என் காலு நல்லாத்தான் இருக்கு. உங்க காலப் பாருங்க."

அவர் நிமிர்ந்தார். அவள் முகத்தில் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்ததை அவர் அப்போதுதான் வெளிச்சத்தில் பார்த்தார். அவளுக்கு அது தெரியவில்லை. அவர் ஏன் அப்படிக் கத்தினார், சரசுவும் அவள் புருஷனும் ஏன் மழையில் ஓடிவந்தார்கள், எதுவும் விளங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர் அவள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். முழங்காலில் தட்டினார். பிறகு தரணேந்திரனிடம் பேசியது அவள் காதில் விழுந்தது.

"அடிபட்டது உங்களுக்குன்னே நினைச்சுட்டோம் சார். இவங்களுக்குத்தான் மண்டைக்குள்ள கசிஞ்சிருக்கு. வலப்பக்கம் ரத்தம் கட்டி மூளைய அழுத்துது. இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கறதே இவங்களுக்குத் தெரியலை. உடனே வேலூர் கொண்டு போயிடுங்க. நேரம் கம்மிதான்."

யாரைப் பற்றிப் பேசுகிறார்கள்? பாவம், யாரோ ஒரு பொம்பளை என்று நினைத்துக்கொண்டாள்.

டாக்சி போளூர் சாலையில் போனது. மழையில் புளியமரங்கள் வலப்பக்கம் மட்டும் ஓடின. இன்னொரு பக்கம் சாலையே இல்லை, காரே இல்லை, ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததற்குள்ளிருந்து அவர் அழுகிற குரல் வந்தது.

"தூங்காத கனகா. என் கூடப் பேசிட்டே இரு."

"நீங்க எங்க இருக்கீங்க?"

"இங்கதான். உன் கையப் பிடிச்சிட்டுத்தான் இருக்கேன்."

யாரும் அவள் கையைப் பிடித்திருக்கவில்லை. அவள் கை அவள் மடியில் இருந்தது. ஐந்து விரலையும் அசைத்துப் பார்த்தாள், அசைந்தன.

"இல்லியே."

"இதோ பாரு."

அந்த இன்மையிலிருந்து ஒரு கை மேலே வந்தது. வெளுத்து, கனத்து, மணிக்கட்டு தொங்க. விரல்கள் பாதி மடங்கி, கிணற்றில் கிடந்து எடுத்தது போல. அதில் வளையல்கள் இருந்தன. அவளுடைய வளையல்கள்.

"யாருதுங்க இது?" என்றாள். "யாரு கை இது? கீழ போடுங்க."

அவர் போடவில்லை. அந்தக் கையைத் தன் கன்னத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். முத்தமிட்டார். செத்துப்போன யாரோ ஒருத்தியின் கை அவர் முகத்தின் மேல் கிடந்து, கார் குலுங்கும்போதெல்லாம், மெல்ல, அவரைத் தடவிக்கொடுத்தது.