ஊர்ப் பக்கம் இருந்து வந்த கரண்ட்

போன் அலறியது.

"மேடம்... உங்க தம்பி... கம்பத்துலயே..."

இன்ஸ்பெக்டர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஜீப்பை விரட்டினாள்.

லைன்மேனான தம்பியைக் கீழே இறக்கிப் படுக்க வைத்திருந்தார்கள். கை கருகிக் கிடந்தது. உயிர் இல்லை. இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை! அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"மெயின் லைனை நிறுத்திட்டுத்தானே ஏறினான்? அப்புறம் கரண்ட் எங்கிருந்து வந்துச்சு?"

"ஊர்ப் பக்கம் இருந்து... பேட்டரியில இருந்து மேடம்," என்றான் பேட்டரி இன்ஜினியர்.

பளார்!

இந்தக் கடைக்கோடி ஊருக்குப் புதுக் கம்பமும் தடித்த கம்பியும் இழுத்தால் செலவு எகிறும் என்று, ஊர் எல்லையில் ஒரு ரூம் கட்டிப் பெரிய பேட்டரிகளை அடுக்கியிருந்தார்கள். லைன் தடுமாறினால் பேட்டரி தாங்கும்.

இன்ஜினியர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான்.

"நான் பேட்டரியை அணைச்சு, ரூமைப் பூட்டிட்டு, சாவியை உங்க தம்பிகிட்டயே குடுத்தேன் மேடம். யார் கம்பம் ஏறுறாங்களோ அவங்க பாக்கெட்லதான் சாவி இருக்கணும். அதான் எங்க வழக்கம்."

சாவி தம்பியின் பாக்கெட்டில்தான் இருந்தது.

"அப்ப அது தானா ஓடியிருக்கு," என்றான் பின்னால் வந்து நின்ற அவள் புருஷன். கம்பி இழுக்கும் கான்ட்ராக்டர். பேட்டரி வந்ததில் அவன் வேலை கைநழுவிப் போயிருந்தது. "தலைதலையா அடிச்சுக்கிட்டேனே... யாரு கேட்டீங்க?"

அவள் பேட்டரி ரூமுக்கு நடந்தாள். சாவியைப் பூட்டில் நுழைத்தாள்.

சாவி திரும்பவில்லை.

"துருப் பிடிச்சிருக்கும், விடு," என்றான் புருஷன்.

துருவாம் துரு! பூட்டு பளபளவென்று இருந்தது. எவனோ பழையதை அறுத்து, உள்ளே போய் பேட்டரியை ஓட விட்டு, புதுப் பூட்டைத் தொங்கவிட்டிருக்கிறான். பழி மெஷின் மேல் விழட்டும் என்று.

இந்தப் பூட்டை அவளுக்குத் தெரியும். புருஷனின் குடோன்கள் எல்லாவற்றிலும் இதே பூட்டுதான். ஒரே சாவி போதும் என்று மொத்தமாகச் செய்து வாங்கியவன் அவன்.

"உங்க சாவிக்கொத்தைக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்கன்னா குடுங்க."

டக்.

பூட்டு திறந்தது.

அவன் முகம் வெளிறியது. "பேட்டரின்னாலே ஊரு பயப்படணும்னுதான்... கம்பி வேலை திரும்ப வரும்னு... ஏறினது அவன்னு சத்தியமா தெரியாதுடி."

"வேற வீட்டுப் பிள்ளைன்னா பரவாயில்லையா?"

விலங்கை எடுத்தாள்.

"நான்... நான் உன் புருஷன்டி. இத்தனை வருஷத்துல உனக்கு ஒரு குறை வெச்சிருப்பேனா?"

"ஒண்ணே ஒண்ணுதான்," என்றாள், விலங்கை இறுக்கியபடி. "ஒரு தம்பி."